எழினி ஆணா, பெண்ணா? பழந்தமிழ்ப் பெயர்கள் குறித்த கேள்வி பதில்

பழந்தமிழ்ப் பெயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்த கேள்விகளில் பாதி ‘எழினி’யைப் பற்றியே. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து வருகைப்பதிவேடு கூப்பிட்டவன் நான். பெயர்ப் பைத்தியம் அங்கே பிடித்ததுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயருக்கு எண் பலன் பார்க்கும் எண் கணிதம் என் வேலை இல்லை.

கேள்வி (அடுத்த மாதம் அப்பாவாகப் போகிறவர்): பெண் பிறந்தால் எழினி என்று வைக்க ஆசை. பெயர்ப் பட்டியல்களில் ‘அழகிய பெண்’ என்று பொருள் போட்டிருக்கிறது. சரிதானே ஐயா?

சரியில்லை. எழில் என்றால் அழகு, ஆகவே எழினி என்றால் அழகி என்று யாரோ ஊகித்து எழுதியதை மற்றவர்கள் வரிசையாக நகலெடுத்திருக்கிறார்கள். எழிலோடு இனியைச் சேர்த்தால் எழிலினி வரும். நடுவில் உள்ள லகரம் தானாக எங்கே போகும்?

சங்க இலக்கியத்தில் எழினி ஓர் ஆள். மீசை வைத்த ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தை, ஆண்ட அதியமான் குடியில் வரும் பெயர் இது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. தந்தையைப் பாடிய ஔவையே மகனையும் பாடியிருக்கிறார்.

அதில் புறநானூறு 102ஆம் பாட்டை நான் வகுப்பில் நடத்தாமல் விட்டதே இல்லை. உப்பு வணிகர்களின் வண்டி. எருதுகள் இளையவை, நுகத்தடி பழகாதவை. பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்க வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், வழியில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். பொகுட்டெழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவை. இன்றைய பேச்சில் ஸ்டெப்னி! சிரிப்பாக இருக்கிறதா? ஊரே நம்பியிருக்கிற ஒருவனுக்கு இதைவிட நெருக்கமான உவமை எனக்குத் தெரிந்து இல்லை.

தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினியை அரிசில் கிழார் பாடியது புறம் 230. அங்கே திட்டு வாங்குவது கூற்றுவன். பசியில் விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனைப் போல, உனக்கு இனி உணவு தரக்கூடியவனையே தின்றுவிட்டாயே என்று கேட்கிறார். அகநானூறு 36இல், தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவரில் ஓர் எழினி இருக்கிறான். இத்தனை இடத்திலும் ஆண்தான்.

வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வையுங்கள். குழந்தை வளர்ந்து பொருள் கேட்கும்போது ‘அழகி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எழினி என்ற பெயருக்கு எண் பலன் எப்படி?

மேலே சொல்லிவிட்டேன். அடுத்தது.

கேள்வி (பாட்டியாகப் போகிறவர்): எங்கள் வீட்டில் நப்பின்னை என்று வைக்கச் சொன்னேன். மருமகள் ‘நப்பி’ என்று கூப்பிடுவார்கள் என்று பயப்படுகிறாள். பொருளைச் சொன்னால் ஒருவேளை மனம் மாறுவாள்.

அம்மா, உங்கள் மருமகளின் பயமும் நியாயம்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் பெயர் அருமையானது. தொடக்கத்தில் உள்ள ‘ந’ நன்மையையும் சிறப்பையும் குறிக்கும் முன்னொட்டு. கீரன் நக்கீரன் ஆனதும், பூதன் நப்பூதன் ஆனதும், செள்ளை நச்செள்ளை ஆனதும் இதே வழியில்தான். எனவே நப்பின்னை என்பது நல்ல பின்னை. கண்ணனுக்கு உரியவளாகத் தமிழ் மரபு கொண்டாடும் ஆயர்மகள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களாக நிற்கும்போது, துத்தத்துக்கு நிற்பவளைப் பின்னை என்கிறார்கள். திருப்பாவையில் 18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களிலும் ஆண்டாள் இவளை விடுவதில்லை. வீட்டில் கூப்பிடப் ‘பின்னை’ போதுமே. மருமகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு எழினி என்று பெயர் வைத்து ஆறு வருடமாகிறது. நீங்கள் ‘மீசை வைத்த ஆள்’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தமிழில் இகரத்தில் முடிந்தால் பெண்பெயர்தானே? கண்ணகி, மாதவி, ஆதிமந்தி எல்லாம் என்னவாம்?

கோபம் நியாயம். மீசையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இகரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையெழு வள்ளல்களை எண்ணிப் பாருங்கள்: பாரி, ஓரி, காரி, நள்ளி, பேகன், ஆய், அப்புறம் அதியன். முதல் நால்வரும் இகரத்தில் முடிகிறார்கள். புறம் 158இல் பெருஞ்சித்திரனார் இந்தப் பட்டியலைப் பாடும்போது, அதியன் இடத்தில் வைத்திருக்கும் பெயரே எழினிதான். ஆக ஏழில் ஐந்து. அஞ்சி, கிள்ளி என்று இன்னும் நீட்டலாம். இகரம் பெண்ணுக்கு மட்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

‘இனி’ என்று முடிந்தாலே பெண் என்ற பழக்கம் நம் காலத்தில் வந்தது. மகிழினி, யாழினி எல்லாம் அந்த வார்ப்பில் பிறந்த புதுப்பெயர்கள். எழினியின் ஓசையும் அதோடு ஒத்துப்போனதால் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டது.

கேள்வி: யாழினி சங்ககாலப் பெயர்தானே?

இல்லை. யாழ் பழையது, யாழினி புதியது. புதியது என்பதால் குறைவும் இல்லை. பட்டியலில் ‘சங்ககாலம்’ என்று போட்டிருந்தால் எந்தப் பாட்டு, எத்தனையாவது பாட்டு என்று கேளுங்கள். பதில் வராது.

கேள்வி (நாடகக்காரர்): ஐயா, எழினி என்றால் திரைச்சீலை என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஆணுமில்லை, பெண்ணுமில்லை, துணி! இதை ஏன் மறைத்தீர்கள்?

திரைச்சீலையின் வேலையே மறைப்பதுதானே. சரி, விளையாட்டு போதும். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடையின் அளவே கொடுக்கப்பட்டிருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்பது கைப்பெருவிரல் அளவில் 24 விரல். அந்த மேடைக்கு மூன்று விதத் திரை. ஒரு பக்கத்துத் தூணிலிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. சினிமாக் கொட்டகையில் திரை இரண்டாகப் பிரிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதன்முதல் இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

முல்லைப்பாட்டிலும் எழினி உண்டு. அங்கே போர்ப் பாசறையில் அரசனின் பள்ளியறையை இரண்டாகத் தடுக்கும் திரை அது. எழுதியவர் மேலே சொன்ன அதே நப்பூதனார். பாருங்கள், பெயர்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருகின்றன.

ஆனால் துணியைக் கொண்டுவந்து ஆளை மூட வேண்டாம். பொருட்பெயராக எழினி திரை. இயற்பெயராக எழினி அதியமான் குடி.

கேள்வி (அதே தாய்): அப்படியானால் என் மகள் பெயர் ஒன்று மீசைக்காரன், இல்லாவிட்டால் ஜன்னல் திரையா?

கேள்வி (நாடகக்காரர்): திரை என்றால் கேவலமா அம்மா? திரை விலகினால்தான் நாடகமே தொடங்கும்!

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். அம்மா, நாடகக்காரர் உங்கள் பக்கம்தான் பேசுகிறார். ஐயா, அவருக்கு மகளைப் பற்றிய கவலை, உங்களுக்கு மேடையைப் பற்றிய கவலை. நடுவில் நான் ஒருமுக எழினியாக நிற்கிறேன்.

கேள்வி: எழினிக்கு நல்ல எண் வர ஒரு எழுத்துக் கூட்டி எழுதலாமா?

கூடாது. தமிழில் மூன்றே எழுத்து, அதிலும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் சேர்க்கவில்லை. எத்தனை நாள் அவகாசம்? ‘ழ’வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. மற்றதைப் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள், நான் தமிழ் வாத்தியார். ‘ழ’வுக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்தைப் போடுவதுதான் வழக்கம். சான்றிதழில் எப்படிப் போட்டீர்களோ அப்படியே ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் போடுங்கள்.

கேள்வி (தருமபுரிக்காரர்): எழினி பாட்டுப் புத்தகத்தோடு முடிந்துபோன பெயரா? கல்வெட்டில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அப்பா அஞ்சி ஜம்பைக் கல்வெட்டில் இருக்கிறார். திருக்கோவிலூர்ப் பக்கம் 1981இல் கிடைத்தது அது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமான் அஞ்சி’ கொடுத்த பாளி, அதாவது துறவியர் தங்கும் குகை, என்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதுதான் விடை.

எழினி இருப்பது போளூருக்கு அருகே உள்ள திருமலையில், சமணர் மலையில். சோழர் காலத்தின் பிற்பகுதியில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், ‘வஞ்சியர் குலபதி எழினி’ முன்னொரு காலத்தில் செய்து வைத்த இயக்கர், இயக்கியர் என்ற சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைச் செப்பனிட்டு வைத்ததாக அங்கே வெட்டியிருக்கிறார். தன்னையும் அஞ்சியின் வழிவந்தவன் என்று சொல்லிக்கொள்கிறார். அதாவது சங்கப் பாட்டுக்குப் பல நூற்றாண்டு கழித்தும் அந்தக் குடியில் இந்தப் பெயர் நினைவிலிருந்து போகவில்லை.

பிறகு நெடுங்காலம் வீட்டுப் பெயர்களில் இது இல்லை. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்ட பிறகுதான் பழம்பெயர்கள் வீட்டுக்குள் திரும்பின. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். என் பதிவேட்டிலும் செழியனும் பாரியும் இளங்கோவும் வந்தார்கள். எழினி மட்டும் நான் ஓய்வு பெறும் தறுவாயில்தான் வந்தாள். ஆம், ‘வந்தாள்’. பெண்தான்.

கேள்வி (அதே தாய்): கடைசியாக ஒன்று. பெயரை மாற்றிவிடட்டுமா?

ஐயோ, வேண்டாம். நான் இவ்வளவு நேரம் சண்டை போட்டது பட்டியல்களோடுதான், உங்களோடு அல்ல. மகளிடம் அந்த உப்பு வண்டிக் கதையைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு எருதும் வண்டியும் பிடிக்கும். மீசையைப் பற்றி அவளே கேட்டால், ஒரு வாத்தியார் உளறினார் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, பெயர் எண்…

இன்றைக்கு இவ்வளவுதான்.