மலேசியாவில் வாடகைக் கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர், பினாங்கு, கேமரன் மலை போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், நான்கு வயதுக் குழந்தை ஒன்று. தமிழ்நாட்டு லைசென்ஸை வைத்து அங்கே கார் ஓட்டலாமா? – மதுரை வாசகர்

பதில்: லைசென்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். ஓராண்டுதான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி வாங்க வேண்டாம். இரண்டையும் அசலாகக் கொண்டுபோங்கள். கைப்பேசியில் நகலைக் காட்டினால் சாவி கிடைப்பது சந்தேகம். ‘ஒரே நாளில் இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று இணையத்தில் விற்கும் அட்டைகள் காசுக்குக் கேடு.

மலிவாகக் கிடைப்பது பெரோடுவா ஆக்ஸியா. ஒரு லிட்டர் எஞ்சின். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் மலையில் திணறும். ஏழு இருக்கை அல்சா எடுத்து, பின்வரிசையை மடித்துப் பெட்டிகளை வையுங்கள். குழந்தைக்கான தனி இருக்கை அங்கே 2020 முதல் கட்டாயம்; காரை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். பின்னால் உட்காருபவர்களும் பெல்ட் போட வேண்டும்.

கேள்வி: அங்கே தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரைப் பாதி வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? – கோவை வாசகி

பதில்: வேண்டாம். சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த காரைக் காசு வாங்கிக்கொண்டு விட்டால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். பழுதுச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். உரிமம் பெற்ற வாடகை நிறுவனத்தின் காருக்கு, வாடகைக்கு விடுவதற்கென்றே காப்பீடு இருக்கும்.

அங்கேயும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார் சேதமானால் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? முன்கண்ணாடி காப்பீட்டில் அடங்குமா? வெள்ளச் சேதம் அடங்குமா? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? மலேசியாவில் முழுக் காப்பீடு என்றாலும் கண்ணாடியும் வெள்ளமும் தனியாகக் காசு கட்டிச் சேர்ப்பவை. லாரிக்குப் பின்னால் போய் ஒரு கல் தெறித்தால் போதும், மிச்சம்பிடித்த வாடகை போய்விடும்.

சாவி வாங்கியதும் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பகுதி, சக்கர வளையங்கள், கூரை, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் அதில் வரவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தாலோ, பட்டன் (சாலையைப் பிடிக்கும் வரிகள்) தேய்ந்திருந்தாலோ வேறு கார் கேளுங்கள். அங்கே பெய்யும் மழைக்கு இதில் தயவு பார்க்கக் கூடாது.

கேள்வி: டோலில் பணமாகக் கொடுக்கலாமா? பெட்ரோல் எப்படிப் போடுவது? – திருநெல்வேலி வாசகர்

பதில்: நெடுஞ்சாலை டோலில் ரொக்கம் வாங்குவதில்லை. டச் அண்ட் கோ அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும்போதும் வெளியேறும்போதும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை மாறினால் எங்கே நுழைந்தீர்கள் என்ற கணக்கு கிடைக்காது, கூடுதலாகக் கட்ட நேரும்.

பங்கில் ஆள் வந்து போடமாட்டார். கவுன்ட்டரில் பம்ப் எண்ணையும் தொகையையும் சொல்லிப் பணம் கட்டிவிட்டு நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் குழாய் ரான் 95 என்ற பெட்ரோல், கறுப்பு டீசல். பம்பிலேயே வங்கி அட்டையைச் செருகினால் போட்டதைவிடப் பெரிய தொகையைச் சில நாள் பிடித்துவைப்பார்கள், கவுன்ட்டரே நல்லது. 2025 செப்டம்பர் 30 முதல் ரான் 95 லிட்டர் 1.99 ரிங்கிட் என்ற சலுகை விலை அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். உங்களுக்குச் சந்தை விலை.

கேள்வி: அங்கேயும் இடதுபக்கம்தானே ஓட்டுகிறார்கள்? புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? – சென்னை வாசகர்

பதில்: கற்பதைவிட விடவேண்டியதுதான் அதிகம். முதலில் ‘ஃப்ரீ லெஃப்ட்’. சிவப்பு விளக்கு எரிந்தால் இடதுபக்கம் திரும்புபவரும் நிற்க வேண்டும். அனுமதிக்கும் பலகையோ தனித் திருப்பமோ இருந்தால்தான் போகலாம். ரவுண்டானாவில் வலதிலிருந்து வருபவருக்கு வழி விடுங்கள். நெடுஞ்சாலையின் இடது ஓரத் தடம் அவசரத்துக்கு மட்டும். நெரிசலில் அதில் புகுந்தால் அபராதம் நிச்சயம், அது வாடகை நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் பொதுவாக 110, கேமராக்கள் உண்டு. தடம் மாறும்முன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பாருங்கள், கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்து வரும். ஹாரன்? கிட்டத்தட்ட மறந்துவிடலாம்.

கேள்வி: ஏற்காட்டில் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் கியர் வண்டியில். கேமரன் மலையில் ஆட்டோமேட்டிக் சமாளிக்குமா? – சேலம் வாசகர்

பதில்: ஏற்றத்தில் சிக்கல் இல்லை, இறக்கத்தில்தான். டி-யிலேயே விட்டால் வண்டி வேகம் பிடிக்கும், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். பட்டைகள் சூடேறிப் பிடிமானம் குறையும். பழைய பிரேக் எண்ணெயில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சு போல அமுங்கும். இறக்கம் தொடங்கும்முன்பே டி-க்குக் கீழே இருக்கும் எல், 2, எஸ், பி (B; பார்க்கிங்குக்கான P அல்ல) இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். பிறகு பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் கெடுதல். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருந்தால் ஏற்காட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வழி இரண்டு. தாப்பா வழி பழையது, குறுகல், வளைவு அதிகம்; சிம்பாங் பூலாய் வழி அகலம். குழந்தைக்கு வாந்தி வரும் என்றால் இரண்டாவதே நல்லது.

கேள்வி: திடீர் மழையில் என்ன செய்வது? – நாகர்கோவில் வாசகி

பதில்: முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தை 60–70க்குக் குறைத்து, முன்வண்டிக்கு நான்கு வினாடி இடைவெளி விடுங்கள். நீர்மேல் டயர் மிதந்து ஸ்டியரிங் லேசானால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். மழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுபவர்களைப் பார்ப்பீர்கள். பின்பற்றாதீர்கள், நீங்கள் தடம் மாறுவது யாருக்கும் தெரியாது. கண்ணாடி மங்கினால் வைப்பரைப் போட்டுப் பாருங்கள். தெளிந்தால் பனி வெளியே படிந்தது, ஏ.சி. குளிரைக் குறைக்க வேண்டும். தெளியாவிட்டால் உள்ளே படிந்தது, ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். நவம்பர் முதல் கிழக்குக் கரையில் பருவமழை. அப்போது கிளந்தான், திரங்கானு பக்கம் கார் எடுத்துப் போவதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: விபத்து நடந்துவிட்டால்? – தஞ்சை வாசகர்

பதில்: காயம் இருந்தால் 999. இரண்டு வண்டிகளின் எண், நின்ற இடம், சேதம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உடனே வாடகை நிறுவனத்தை அழையுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியையும் கையெழுத்தையும் கொடுக்காதீர்கள். பட்டறையிலிருந்து காரை மீட்பது பெரும்பாடு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை என்றால் 1800 88 0000 எண்ணில் உதவி வரும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீடு நகராது.