வன்னியில வோட்டர் கலர் கண்காட்சி வைக்கிறதெண்டால் முதல்ல என்ன செய்யிறது?

ஒட்டுசுட்டான் பக்கம் முன்பள்ளியில படிப்பிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. கொஞ்ச வருசமா வோட்டர் கலர் கீறுறாவாம், அனேகமா போனில வாற படங்களைப் பாத்துத்தான், முப்பது படம் மட்டில சேந்திட்டுது, கண்காட்சி ஒண்டு வையன் எண்டு சிநேகிதப் பிள்ளையள் நிக்கினமாம், ஆனா தான் இன்னும் ஒரு வோட்டர் கலர் கண்காட்சியை நேர போய்ப் பாக்கேல்ல, இப்ப என்ன கீறுறதெண்டும் ஓடேல்ல, பிரேம் போட்ட ரெண்டில ஒண்டில பூஞ்சணமும் பிடிச்சிட்டுது, எதில தொடங்கிறது எண்டு.

கோவிக்காதேங்கோ தங்கச்சி, அந்த முப்பதையும் அப்பிடியே கொண்டுபோய்ச் சுவரில கொழுவாதேங்கோ. சுவிஸ் மலை ஒண்டு, கேரளா வள்ளம் ஒண்டு, லண்டன் மழை றோட்டு ஒண்டு, நடுவில ஒரு ரோசாப்பூ எண்டு வரிசையா நிண்டால் வாற சனம் வடிவாக் கீறியிருக்கிறா எண்டு சொல்லி ரீயைக் குடிச்சிட்டுப் போயிடும். அதோட அந்தப் போட்டோவெல்லாம் வேற ஆரோ எடுத்தது, பழகிறதுக்குப் பாத்துக் கீறலாம், விலை போட்டு விக்கிறதெண்டால் எடுத்த ஆளிட்டக் கேக்கவேணும். என்னைக் கேட்டால் கண்காட்சி எப்பிடி எண்டதும் என்ன கீறுறது எண்டதும் உங்களுக்கு ஒரே பிரச்சினைதான். ஒரு இடத்தைப் பிடியுங்கோ, அந்த ஒரு இடத்தில பன்ரெண்டு பதினைஞ்சு படம், அதுதான் கண்காட்சி. ஜோன் சிங்கர் சார்ஜென்ட் எண்ட அமெரிக்க ஓவியர் 1909 இல நியூயோர்க்கில தன்ர வோட்டர் கலர்களை வைக்கேக்க ஒண்டொண்டா விக்க விருப்பமில்லை, ஒரு மியூசியம் மொத்தமா எடுத்தால் குடுக்கிறன் எண்டு நிண்டவர், கடைசியில புரூக்லின் மியூசியம் 83 படத்தை ஒரேயடியா வாங்கினது. அதுகளில ஒண்டைத் தனியப் பாத்தால் அவசரத்தில கீறினது மாதிரிக் கிடக்கும், சேத்துப் பாக்கேக்கதான் அந்த மனிசன் வெளிச்சத்தை எப்பிடிப் பாத்திருக்குதெண்டு விளங்கும்.

உங்களுக்கு முத்தையன்கட்டுக் குளம் கிட்ட, பிறகென்ன? மாரியில தண்ணி முட்டி நிக்கேக்க ஒருக்கா, தையில பனிமூட்டத்துக்குள்ள ஒருக்கா, ஆனி ஆடியில வத்தேக்க ஒருக்கா எண்டு ஒரே இடத்தில போய் இருங்கோ. வத்தின நேரம் கரையை வடிவாப் பாருங்கோ, தண்ணி விளிம்போட கறுத்த ஈரச்சேறு, அதுக்கு மேல சாம்பல் நிறத்தில வெடிச்ச களி, அதுக்கும் மேல மாடு மேயிற புல்லு, பிறகு கட்டும் மரமும், நாலு பட்டையில படம் முடிஞ்சுது. விடிய ஆறரைக்கு அக்கரைக் காட்டில பச்சை எண்டதே இருக்காது, நீலச்சாம்பல் மட்டும்தான், ஆனா நாங்கள் மரம் எண்டவுடன பச்சை ரியூப்பைத்தான் அமத்திறம். அந்தப் பச்சையை வீட்டில விட்டிட்டுப் போங்கோ. அல்ட்ராமரீன் நீலம், பேர்ன்ட் சியன்னா எண்ட செம்மண்ணிறம், யெலோ ஓக்கர் எண்ட மண்மஞ்சள் மூண்டும் காணும். முதல் ரெண்டையும் கலந்தால் வாற சாம்பல் காயேக்க மணிமணியாப் பிரிஞ்சு பேப்பரின்ட குழியளுக்குள்ள இறங்கும், வெடிச்ச களிக்கு அதைவிட நல்ல கலர் கடையில இல்லை, கிரவல் றோட்டுக்கு பேர்ன்ட் சியன்னா தனியவே காணும்.

எங்கட காத்தும் தண்ணியும்தான் கொஞ்சம் கரைச்சல். சோளகம் அடிக்கிற மாதங்களில ஒரு வோஷை, அதுதான் தண்ணியாக் கலந்து பேப்பரில அகலமா இழுக்கிற கலரை, இந்தக் கரையில தொடங்கி அந்தக் கரைக்குக் கொண்டுபோக முதலே பின்னால காஞ்சு விளிம்பு விழுந்திடும், அதால எட்டு மணிக்கு முதல் கீறி முடிக்கப் பாருங்கோ, இல்லாட்டி பேப்பரை ரெண்டு பக்கமும் நனைச்சு ஒரு பிளாஸ்டிக் சீற்றில படிய விட்டுக் கீறுங்கோ, கனநேரம் ஈரம் நிக்கும். மாரியில இதுக்கு மறுவளம், காயவே காயாது, மேல தொட்டால் காஞ்சது மாதிரி இருக்கும் ஆனா உள்ளுக்கு ஈரம், அதை அப்பிடியே அடுக்கி வைக்கிற இடத்திலதான் பூஞ்சணம் தொடங்கிறது. கலர்த்தட்டையும் ஈரத்தோட மூடாதேங்கோ. மற்றது கிணத்துத் தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற தண்ணியெண்டால் மெல்லிய வோஷும் மங்கலாத்தான் காயும், சில கலர் திரைஞ்சும் போகும், மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ, இல்லாட்டி குடிக்க வாங்கிற ஆர்ஓ தண்ணியில ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போங்கோ.

இன்னொண்டு. வன்னி ஆள் எண்டால் போரைப் பற்றின படம் இல்லையோ எண்டு கேக்கிற ஆக்கள் கட்டாயம் வருவினம். உங்களுக்கா வந்தால் கீறுங்கோ, அவை கேக்கினம் எண்டதுக்காகக் கீறாதேங்கோ.

நேர பாக்கிறதெண்டால் கொழும்புக்கு ஒருக்காப் போகத்தான் வேணும், தை மாசி பக்கத்தில விகாரமாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில கலா பொல எண்டு தெருவோரச் சித்திரச் சந்தை வைக்கிறவை, 1993 இல தொடங்கினது, ஓவியர்மார் தங்கட படத்துக்குப் பக்கத்திலயே நிப்பினம், என்ன பேப்பர், எந்தக் கலர், எவ்வளவுக்குப் போகுது எண்டெல்லாம் வாய்விட்டுக் கேக்கலாம். அண்டைக்கே கொழும்பில இருக்கிற லயனல் வென்ட் கலைக்கூடத்தில ஏதும் நடக்குதோ எண்டும் எட்டிப் பாத்திட்டு வாங்கோ. பாக்கேக்க போனில படம் எடுக்கிறதை விட்டிட்டு மூக்கு முட்டுற தூரத்தில நிண்டு, வெள்ளை எங்க விட்டிருக்கினம், எந்த விளிம்பு கூர், எந்த விளிம்பு கரைஞ்சு போகுது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. வீட்டில இருந்து பாக்க ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் மியூசியத்தின்ட இணையத்தளம் நல்லம். யான் பிராண்டஸ் எண்ட ஒல்லாந்துப் பாதிரியார் 1785, 86 காலத்தில இலங்கையில நிண்டு கீறின வோட்டர் கலர் எல்லாம் அங்க காசில்லாமப் பெருப்பிச்சுப் பாக்கலாம், யானை பிடிக்கிற காட்சியும் கிடக்கு.

இனி பூஞ்சணம். எங்கட பிரேம் கடையள் சாமிப்படமும் கலியாணப் போட்டோவும் போட்டுப் பழகினவை, அவை கிளாஸைப் படத்தோட ஒட்டி வைச்சு பின்பக்கம் செல்லோரேப் அடிச்சுத் தந்திடுவினம். போட்டோவுக்கு என்னமோ, வோட்டர் கலருக்கு அது நஞ்சு. மாரியில கிளாஸின்ட உள்பக்கம் வேர்க்கும், அந்த ஈரம் நேர பேப்பரில இறங்கும், பிறகு மண்ணிறப் புள்ளி. இடையில மவுண்ட் போட், அதுதான் படம் தெரியிற மாதிரி நடுவில யன்னல் வெட்டின தடிச்ச மட்டை, கட்டாயம் வேணும், அமிலம் இல்லாத போட் எண்டு கேட்டு வாங்குங்கோ, அதின்ட தடிப்புத்தான் கிளாஸையும் பேப்பரையும் தள்ளி வைக்கிறது. படத்தை நாலு பக்கமும் ஒட்டக் கூடாது, ஈரக்காத்துக்குப் பேப்பர் விரியும், வெயிலுக்குச் சுருங்கும், அதுக்கு இடமில்லாட்டி அலை அலையா எழும்பும். நான் சொல்லுற வழி ஒட்டுறதே இல்லை, நல்ல பேப்பரில சின்ன முக்கோணப் பொக்கற் நாலு மடிச்சு அதைப் பின்னுக்கு இருக்கிற போட்டில ஒட்டி, படத்தின்ட மூலையளை அதுக்குள்ள செருகி விடுங்கோ, மூலையள் மவுண்டுக்குக் கீழ மறைஞ்சிடும், நாளைக்குக் கழட்டினாலும் படத்தில பசை ஒரு பொட்டும் இருக்காது. பூஞ்சணம் பிடிச்சதை உடன பிரேமால எடுத்து மற்றப் படங்களிட்ட இருந்து தள்ளி நல்லாக் காய விட்டு, மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வெளியில வைச்சு மெல்லிய தூரிகையால தட்டி விடுங்கோ, ஈரத்துணியால துடைச்சியளோ கலரும் சேந்து போயிடும்.

சைஸ் எல்லாம் ஒண்டா வையுங்கோ. பேப்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்பு, ஏலுமெண்டால் முழுப் பருத்தி, முழுச் சீற் 22க்கு 30 அங்குலம், அதை நாலா வெட்டினா 11க்கு 15, சுத்திவர ரெண்டரை அங்குல மவுண்ட் விட்டால் சரியா 16க்கு 20 பிரேம். ஒரே சைஸில பதினைஞ்சு பிரேம் எண்டால் கடையில விலை பேசலாம், அடுத்த கண்காட்சிக்கும் அதே பிரேமுக்குள்ள வேற படம் போடலாம்.

கலர் மங்கிறதைப் பற்றி நீங்கள் கேக்கேல்ல, ஆனா விக்கப் போறியள் எண்டதால சொல்லுறன். ரியூப்பில பி.ஆர் 83 எண்டு கலர்ப்பொடிக் குறியீடு போட்டிருக்கிற அலிசரின் கிரிம்சன் எண்ட கருஞ்சிவப்பு வெளிச்சத்துக்கு வெளிறும், ஒப்பேரா ரோஸும் அப்பிடித்தான், அதுக்குப் பதிலா பி.வி 19 எண்டு இருக்கிறதை எடுங்கோ. உங்களிட்ட இருக்கிற எல்லாக் கலரையும் ஒரு பேப்பரில கோடு கோடா இழுத்து, பாதியை கறுத்த மட்டையால மூடி, வெயில் படுற யன்னலில ரெண்டு மூண்டு மாசம் விட்டுப் பாருங்கோ, எது கள்ளன் எண்டு தெரிஞ்சிடும். டப்ளினில இருக்கிற அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு 1900 இல ஹென்றி வோன் எண்டவரின்ட உயில்படி கிடைச்ச, டேர்னர் எண்ட ஆங்கில ஓவியரின்ட 31 வோட்டர் கலரை இண்டைக்கும் தை மாசம் மட்டும்தான் வெளியில வைக்கினம், அந்த மாசம் அங்க வெளிச்சம் நல்லாக் குறைவு, அப்பதான் வைக்கவேணும் எண்டு வோனே எழுதி வைச்சிட்டுப் போனவர்.

இடம் எண்டால் பிரதேச செயலகத்தில கலாசார உத்தியோகத்தரிட்டக் கதையுங்கோ, நூலக மண்டபமோ பள்ளிக்கூட மண்டபமோ கேட்டுப் பாக்கலாம். யன்னலுக்கு நேர எதிர்ச் சுவர் வேண்டாம், கிளாஸில யன்னல்தான் தெரியும், பாக்கிற ஆளின்ட முகமும் தெரியும், படம் தெரியாது. ஆணி அடிக்க விடாட்டி மேல குறுக்கால ஒரு தடி கட்டி அதில நைலோன் நூலால தொங்க விடலாம், படத்தின்ட நடு நிலத்தில இருந்து 57, 58 அங்குலத்தில வரட்டும். நிலத்தில சாத்தி மட்டும் வைக்காதேங்கோ, கறையானுக்கு எங்கட ஊரில சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. மாசி கடைசி பங்குனி நல்லம், காலபோக வெட்டு முடிஞ்சிருக்கும், கையில காசும் புழங்கும், மழையும் விட்டிருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமோ எண்டும் கடைசியில கேட்டிருக்கிறியள். லண்டனில மோல் கலரீஸில ஒவ்வொரு வருசமும் றோயல் இன்ஸ்டிடியூட் ஒஃப் பெயின்டர்ஸ் இன் வோட்டர் கலர்ஸ் வைக்கிற கண்காட்சிக்கு அங்கத்தவர் இல்லாத ஆக்களும் படம் அனுப்பலாம்தான், ஆனா தெரிவானால் பிரேம் போட்ட படத்தையே கொண்டுபோய்க் குடுக்கவேணும், அந்த அனுப்புற செலவில இங்க ஒரு கண்காட்சியே வைச்சு முடிக்கலாம். இப்போதைக்கு உங்கட பதினைஞ்சையும் ஒட்டுசுட்டானில வையுங்கோ, பிரேமுக்குள்ள போட முதல் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைச்சால் சின்ன அட்டையா அடிச்சு மண்டப வாசலில விக்கலாம், படம் வாங்க ஏலாத சனம் அதை வாங்கும். அடுத்த வருசக் கலா பொலவுக்கு எப்ப விண்ணப்பம் எடுக்கினம் எண்டு மார்கழிக்கு முதலே விசாரிச்சு வையுங்கோ.