வளைய வேண்டியது யார்?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் வேலை விளம்பரத்தில் ‘ஃபிளெக்சிபிள் டைமிங்’ என்று போட்டிருந்தார்கள். நேர்முகத் தேர்விலோ, ‘நீங்கள் ஃபிளெக்சிபிளாக இருக்க வேண்டும்’ என்றார்கள். அகராதியில் ‘வளையக்கூடிய’ என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அகராதி சொல்வதில் தவறில்லை. வளைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை ஒன்றிலிருந்து பிறந்த சொல் இது. வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சுவர்க் குழாயிலிருந்து மேலே போகும் சிறிய பைப், இடத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்துத் தண்ணீரைக் கொண்டு சேர்க்கும். சுவருக்குள் இருக்கும் பிவிசி குழாயை அப்படி வளைத்தால் விரிசல் விட்டுவிடும். தெருமுனையில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனரின் பெயரும் இந்தச் சொல்லின் உறவுதான்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது பலரும் ‘நெகிழ்வான’ என்று மொழிபெயர்க்கிறார்கள். நெகிழ்வு என்றதும் என் காதில் மனம் உருகுவதுதான் முதலில் விழுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ‘நீக்குப்போக்கு’ இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. நீக்குப்போக்குத் தெரிந்தவர் எதையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேரம் ஃபிளெக்சிபிள் என்றால் வளைவது நேரம்: காலை 8 மணிக்கோ 10 மணிக்கோ உங்கள் வசதிப்படி வேலையைத் தொடங்கலாம். நீங்கள் ஃபிளெக்சிபிள் என்றால் வளைவது நீங்கள்: இரவு ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை, கடைசி நேர மாற்றம் எல்லாவற்றுக்கும் சரி என்று ஆகிவிடும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே ஃபிளெக்சிபிள் பணிமுறை கேட்டு விண்ணப்பிக்க ஊழியருக்குச் சட்டம் உரிமை தருகிறது. நிர்வாகம் சட்டத்தில் உள்ள காரணம் காட்டி மறுக்கலாம். ஆனாலும் கேட்கும் இடத்தில் இருப்பவர் ஊழியர். உங்களிடம் அதே சொல்லை நிர்வாகம் கேட்கிறது.

அதனால் மின்னஞ்சலில் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை இரவு ஷிஃப்ட்? மாற்றத்தை எத்தனை நாள் முன்பு சொல்வார்கள்? இரவில் வீடு திரும்ப வண்டி உண்டா? நீங்கள் எழுதும்போதும் ‘ஐ ஆம் ஃபிளெக்சிபிள்’ என்று மொட்டையாக நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பின் ‘அபௌட்’ சேர்த்து, எந்த விஷயத்தில் என்பதையும் எழுதுங்கள். காலை, மாலை ஷிஃப்ட் எதுவானாலும் சரி, ஞாயிறு மட்டும் முடியாது என்றால், அந்த ஞாயிறும் கடிதத்தில் இருக்கட்டும்.