வண்ண மீக்கடத்தல் (புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க் துகள்கள் மிக அடர்ந்த பொருளில் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடும் நிலை) வெறும் கற்பனையா? நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் (வெடித்த பெரிய நட்சத்திரத்தின் நெருங்கிச் சுருங்கிய மிச்சம்) தடையில்லாமல் மின்சாரம் ஓடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குவார்க் பொருளின் அடர்த்தி உச்சத்தில் இருந்தால் ஓடாது. அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என்ற மூன்று வகைக் குவார்க்கும் மூன்று நிறத்திலும் (நிறம், வண்ணம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதல்ல, குவார்க்கின் ஒருவகைச் சுமைக்கு வைத்த பெயர்) ஜோடி சேர்ந்துவிடும், மின்சுமை தானாகவே சமமாகிவிடும், எலக்ட்ரானுக்கு அங்கே வேலையே இல்லை. அங்கே தடையில்லாமல் ஓடுவது நிறச்சுமைதான். காந்தப்புலம்கூட பெரும்பாலும் உள்ளே புகுந்துவிடும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தக் 'கற்பனை'க்காகத்தான். பிஎச்.டி முடித்து வேலை தேடிய காலத்தில் ஒரு கல்லூரி நேர்காணலில் ஒருவர் என் ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே, "இதை லேப்ல செஞ்சு காட்ட முடியுமாப்பா?" என்றார். முடியாது சார் என்றேன். "அப்போ கதைதானே" என்று மூடி, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

கதையில்லை சார் என்று ஆரம்பித்தேன். சாதாரண மீக்கடத்தலில், உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும், அயனிகளின் அதிர்வு தரகர் மாதிரி நடுவில் புகுந்துதான் ஜோடி சேர்க்க வேண்டும்; 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் சொன்னது அது. குவார்க்குகளையோ அவற்றுக்கிடையே விசையைச் சுமக்கும் துகளான குளூவானே நேரடியாகச் சேர்த்துவிடுகிறது. அடர்த்தி கூடக்கூட அந்த விசை தளரும் (அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2004 நோபல்), அதனால் அந்த எல்லையில் கணக்கை நம்பலாம். குளிர்ந்த நிலையில் ஈர்ப்பு எவ்வளவு சிறிதானாலும் ஜோடி சேர்ந்தே தீரும். குளிர்ந்தது என்றால்? ஜோடி உடைந்துபோகும் மாறுநிலை வெப்பநிலையே பத்தாயிரம் கோடி கெல்வின் அளவில் வரும் என்று 1998-க்குப் பிறகு வந்த கணக்குகள் சொல்கின்றன, பழைய நியூட்ரான் நட்சத்திரமோ நூறு கோடிக்கும் கீழே. இவ்வளவையும் சொல்லவிட்டார்களா என்றால், பாதியில் மணி பார்த்தார்கள்.

உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். நட்சத்திர மையத்தில் இது நடக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை. மையத்து அடர்த்தி அணுக்கருவைப்போல் சில மடங்குதான், அங்கே இந்தக் கணக்கு தள்ளாடும், சூப்பர் கம்ப்யூட்டரில் போட்டாலும் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிடும் 'குறிச் சிக்கலில்' மாட்டிக்கொள்ளும். ஆய்வகத்துத் துகள் மோதலில் வருவதோ கொதிக்கும் பொருள், குளிர்ந்ததல்ல. நட்சத்திரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், நியாயம். கற்பனை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது, பரவாயில்லை. பயணப்படி தருவோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள், ஸ்லீப்பர் டிக்கெட்டின் அசலை ஒட்டி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பணமும் வரவில்லை, டிக்கெட்டும் வரவில்லை.