கிராமத்திலிருந்து சட்டமன்றத்துக்கு: வேலூர் பக்கத்து இளைஞர்கள் கேட்டவையும் என் பதில்களும்

அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், காட்பாடி பக்கத்து ஊர்களிலிருந்து சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைக்கும் தம்பி, தங்கைகள் அனுப்பிய கேள்விகள் இவை. வேட்பாளர்களுக்குத் தேர்தல் ஏஜென்டாக வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பணமில்லாமல் ஒதுங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் பரிசீலனை நாளிலேயே வெளியேறிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் அதைத் தடுத்திருக்க முடியும்.

ஒடுகத்தூரிலிருந்து: அண்ணா, எனக்கு 25 வயசு முடிய இன்னும் சில வாரம் இருக்கு. ஓட்டு சென்னையில இருக்கு. அணைக்கட்டுல நிக்கலாமா?

நிற்கலாம் தம்பி. வேட்புமனு பரிசீலனை நடக்கும் நாளில் 25 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் குறைந்தாலும் மனு நிற்காது. ஓட்டு தமிழ்நாட்டுக்குள் எந்தத் தொகுதியில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சென்னை வாக்காளர் பட்டியலில் உன் பெயர் உள்ள பகுதியின் சான்றிட்ட நகலை வாங்கி மனுவோடு கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு அந்த நகல் தரும் அலுவலகங்களில் கூட்டம் தாங்காது, முன்கூட்டியே வாங்கி வை.

கே.வி.குப்பத்திலிருந்து: எங்க தொகுதி தனித்தொகுதி. டெபாசிட் எவ்வளவு? எப்ப திரும்ப வரும்?

பொதுவாக 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பொதுத்தொகுதியில் நின்றாலும் அவர்களுக்கு 5,000தான். சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பும். 1,80,000 செல்லுபடியான ஓட்டு என்றால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். நோட்டாவில் விழுந்தது இந்தக் கணக்கில் சேராது.

பேரணாம்பட்டிலிருந்து: சுயேச்சையா நிக்கிறேன் சார். மனு தள்ளுபடி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கும், அங்கீகாரம் இல்லாத பதிவு பெற்ற கட்சிக்காரருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் நீ நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். எல்லை ஓரத்து ஊர்களில் இதில்தான் தவறு நடக்கும். மாமா வீடு பக்கத்து ஊர்தானே என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அந்த ஊர் வேறு தொகுதியில் இருக்கும். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் புதிய பட்டியலைப் பார்த்து எழுது. பழைய பட்டியலின் எண் இப்போது மாறியிருக்கும்.

நம் ஊர்ப் பாட்டிகள் ஆசையாக முன்மொழிய வருவார்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தால் வீட்டில் வைத்து வாங்கிக்கொண்டு போனால் செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, அதற்கென்று தேர்தல் ஆணையம் குறித்த அதிகாரி முன்னாலோ வைத்து, அவர் சான்றளிக்க வேண்டும். பாட்டியை நேரில் அழைத்துப் போ, இல்லாவிட்டால் கையெழுத்துப் போடத் தெரிந்தவரைத் தேடு.

அடுத்தது படிவம் 26, அதாவது உன் சொத்து, கடன், வழக்கு விவரங்களை எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. கோடு போட்டும் விடாதே. 'இல்லை' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுத்தில் எழுது. பான் கார்டு இல்லையென்றால் பான் எண் ஒதுக்கப்படவில்லை என்று எழுது. காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அலுவலர் நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பிறகு உறுதிமொழி. மனு கொடுத்த பின், பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் அலுவலர் முன் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். மனு கொடுத்த அன்றே, அந்த மேஜை முன்னாலேயே முடித்துவிடு. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 மணி வரைதான். கடைசி நாள் நல்ல நேரத்துக்குக் காத்திருக்காதே. ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம். முதல் நாளே ஒன்றைக் கொடுத்துவிட்டால், பிழை தெரிந்ததும் இன்னொன்று கொடுக்க நேரம் இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து: நான் பீடி சுத்துறேன் அண்ணா. என் பேர்ல சொத்து எதுவும் இல்ல, மகளிர் குழுக் கடன்தான் இருக்கு. நான் நின்னா சிரிப்பாங்களா?

சிரிப்பவர்களை விடு தங்கச்சி. பீடி சுற்றும் வீடுகளின் கூலிப் பிரச்சினையை உன்னைவிடத் தெளிவாகச் சட்டமன்றத்தில் யார் சொல்லப் போகிறார்கள்? இதே குடியாத்தத்தில்தான் 1954-ல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். பெரிய வரலாறு உள்ள தொகுதி உன்னுடையது.

சொத்து இல்லாதது தகுதிக் குறைவே இல்லை. காதில் கழுத்தில் இருப்பதை எடையும் மதிப்பும் போட்டு எழுது. குழுக் கடனையும் அடகுக் கடனையும் பொறுப்புகள் என்ற பகுதியில் எழுது. கணவரின் விவரமும், உன்னைச் சார்ந்திருப்பவர்களின் விவரமும் தனித்தனிப் பத்தியில் வரவேண்டும். மறைக்க எதுவும் இல்லாத பத்திரம் பெரிய பலம். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அணைக்கட்டிலிருந்து: குடிதண்ணி கேட்டு மறியல் பண்ணி என் மேல கேஸ் இருக்கு. நிக்க முடியாதா?

முடியும். வழக்கு நிலுவையில் இருப்பது தடை ஆகாது. இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றால்தான் பொதுவாகத் தகுதி போகும், அதுவும் விடுதலையான பிறகு ஆறு ஆண்டு வரை நீளும். ஆனால் வழக்கு எண், காவல் நிலையம், பிரிவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதியாக வேண்டும். மனு வாபஸ் வாங்கும் கடைசி நாளுக்குப் பிறகு பிரசாரம் முடிவதற்குள் மூன்று முறை செய்தித்தாளிலும் டிவியிலும் அதை விளம்பரம் செய்ய வேண்டும். செலவைக் கணக்கில் வைத்துக்கொள்.

பள்ளிகொண்டாவிலிருந்து: மாநில நெடுஞ்சாலை வேலை ஒண்ணு டெண்டர் எடுத்திருந்தேன். வேலை முடிஞ்சுது, பில் பணம் வரல.

மாநில அரசோடு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால்தான் தகுதியிழப்பு. உன் பக்கத்து வேலையை முழுவதும் முடித்திருந்தால், அரசு பணம் தராமல் இருந்தாலும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கருத மாட்டார்கள். வேலை முடிந்ததற்கான சான்றை எழுத்தில் வாங்கு. பாதி வேலை இருந்தால் மனு கொடுப்பதற்கு முன் வக்கீலைப் பார்.

காட்பாடி பக்கத்து ஊரிலிருந்து: எதிர்த்து நிக்கிறவங்க கோடிக்கணக்குல இறக்குவாங்க. என்கிட்ட சில லட்சம்தான். அர்த்தம் இருக்கா?

இருக்கிறது. சட்டப்படி ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம். அதற்கு மேல் போகிறவர் சட்டத்தை மீறுகிறார். 2019-ல் நம் வேலூர் மக்களவைத் தேர்தலையே, கைப்பற்றிய பணத்தைக் காரணம் காட்டி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஏப்ரல் 16-ல் ரத்து செய்தார்கள். பிறகு ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. நாடு முழுக்க நம் ஊர்ப் பெயர் அப்படி அடிபட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்துப் போடு. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பதுதான் அதன் நடைமுறை. நீ மட்டும் ஒரு வீட்டுக்குக்கூடக் கொடுக்காதே.

மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கு. உன் பேரிலோ, தேர்தல் ஏஜென்டோடு சேர்த்தோ இருக்கலாம். மனைவி, அண்ணன் பெயரைச் சேர்க்கக் கூடாது. ஒரு ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முழுக்கச் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. தேர்தல் அலுவலகம் தரும் செலவுப் பதிவேட்டில் அன்றாடக் கணக்கு வெள்ளைத் தாளில், ரொக்கம் ரோஸ் தாளில், வங்கி மஞ்சள் தாளில் இருக்கும். டீ, பிரியாணி, சேர், ஷாமியானா எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் போட்டிருப்பார்கள். நண்பன் ஷாமியானாவை இலவசமாகக் கொடுத்தாலும் பட்டியல் விலையை எழுத வேண்டும். கணக்கு எழுத பி.காம் படித்த ஒரு தம்பியை முதல் நாளே உட்கார வை.

ஜார்த்தான்கொல்லையிலிருந்து: மலைக்கு ரோடு போடுவேன்னு வாக்குக் கொடுக்கலாமா?

எப்படிப் போடுவாய் என்று சொல்ல முடிந்தால் கொடு. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதில் மட்டும் மலைக்கு ரோடு ஏறாது. பெரும்பாலும் தடுப்பது பணத்தைவிட வனத்துறை அனுமதிதான். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ரோடு, பள்ளி, ஆஸ்பத்திரி போன்றவற்றுக்கு ஒரு இடத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் என்றால், கிராம சபை பரிந்துரையோடு கேட்கலாம். பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வரும் ஊர் அது. வெறும் வாக்குறுதியோடு அங்கே போகாதே. எந்தத் துண்டு ரோட்டுக்கு எவ்வளவு வன நிலம் வேண்டும் என்று கிராம சபைத் தீர்மானத்தின் வரைவைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

அரியூரிலிருந்து: பூத் ஏஜென்ட் எல்லா இடத்துக்கும் போட முடியலன்னா?

கட்சி பலம் இல்லாதவர்களால் முடியாதுதான். உனக்கு ஓட்டு விழும் ஊர்களிலாவது ஆள் போடு. காட்பாடியில் 2021-ல் வெற்றி வித்தியாசம் 746 ஓட்டு. ஒரு பூத்தின் ஓட்டுகூட அவ்வளவு இருக்கும்.

ஏஜென்டாக வருபவருக்கு மூன்று வேலையைச் சொல்லிக்கொடு. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும், அதற்கு அங்கே இருக்க வேண்டும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு எண்ணிப் பார்த்த பிறகு மெஷினிலிருந்து அந்த மாதிரி ஓட்டுகளை அழித்துவிட்டார்களா, மொத்தம் பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மாலையில் களைப்பில் கிளம்பிவிடாமல், மெஷின் எண்ணும் பதிவான ஓட்டு மொத்தமும் எழுதிய படிவம் 17சி நகலைக் கையெழுத்தோடு வாங்கி வர வேண்டும். எண்ணும் நாளில் அந்தத் தாள் இல்லாமல் எதையும் கேள்வி கேட்க முடியாது.

ஒடுகத்தூர்த் தம்பி மறுபடியும்: தோத்துட்டா அத்தோட முடிஞ்சுதா அண்ணா?

இல்லை. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவர், டெபாசிட் போனவர், பத்து ஓட்டு வாங்கியவர் எல்லோருக்கும் இது உண்டு. கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்வார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் என்ன செய்வாய்? தோற்ற வாரத்திலேயே ரசீதுகளைத் திரட்டிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்து.