கொலுசுப் பட்டறைத் தராசுக்கு ஒரு டிரைவர் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை எடை போட்டு வேலைக்குக் கொடுப்போம், கொலுசாகத் திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு சேதாரம் கழித்துக் கணக்கு எழுதுவோம். அதற்கென்று ஒரு யுஎஸ்பி தராசு இருக்கிறது. விற்ற கம்பெனி இப்போது இல்லை. டிரைவர் (கம்ப்யூட்டரைத் தராசோடு பேச வைக்கிற மென்பொருள்) இருக்கிற சிடி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டும்தான், அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டரை இதற்காகவே உயிரோடு வைத்திருக்கிறோம். லினக்ஸுக்கு நானே டிரைவர் எழுதி, அதன் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. நெட்டில் இருந்த பாடத்தைப் பார்த்து எழுதிய முதல் மாட்யூலே (கெர்னலில் ஏற்றுகிற துண்டு) கம்பைல் ஆகவில்லை, எர்ரரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதெல்லாம் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் செய்கிற வேலை என்கிறான் நண்பன். ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொண்டுதான் வர வேண்டுமா? இப்படி இன்னொருத்தர் சாதனத்தை நோண்டுவது சட்டப்படி தப்பா?

– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. லினக்ஸ் கெர்னலுக்குள் போகிற கோடில் பெரும்பகுதி இன்டெல், ரெட் ஹேட், கூகுள் மாதிரி இடங்களில் சம்பளத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறவர்களுடையதுதான். ஆனால் அவர்களில் ஒருத்தரிடமும் உங்கள் அப்பாவின் தராசு கிடையாதே. டிரைவர் வேலையில் கோடு எழுதத் தெரிந்தவர்கள் எப்படியாவது கிடைத்துவிடுவார்கள். சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை அழுத்தினால் இது வருகிறது என்று பொறுமையாகச் சோதித்துச் சொல்கிற ஆள்தான் கிடைக்க மாட்டார். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான நூவோ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி விவரம் எதுவும் தராத காலத்தில், உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் தங்கள் கார்டிலிருந்து ரெஜிஸ்டர் (சாதனத்துக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) பதிவுகளை எடுத்து அனுப்பி, அதை வைத்துத்தான் அது வளர்ந்தது. அனுப்பியவர்கள் எல்லாரும் புரோகிராமர்கள் இல்லை. மறுபக்கமும் உண்டு: பராமரிக்க ஆள் இல்லாமல் போனதும், 2023 கடைசியில், இன்டெலின் இட்டானியம் பிராசஸருக்கான ஆதரவையே கெர்னலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியின் பிராசஸருக்கே அந்த கதி.

உங்கள் எர்ரரைப் பார்த்தேன். கிளாஸ் கிரியேட் என்ற ஃபங்ஷனுக்கு நீங்கள் இரண்டு மதிப்புகள் கொடுத்திருக்கிறீர்கள். பாடம் எழுதப்பட்ட காலத்தில் அது சரி. 2023இல் வந்த 6.4 கெர்னலில் முதல் மதிப்பை எடுத்துவிட்டார்கள், இப்போது பெயர் மட்டும் போதும். நீங்கள் சி மொழியில் எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது. கெர்னலின் உள்ளே ஃபங்ஷன்கள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும், வெளியே இருந்து யார் டிரைவர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண புரோகிராமை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பக் கறார். அதனால் இரண்டு வருடம் கழித்தும் பட்டறையில் கணக்கு ஓட வேண்டும் என்றால், கெர்னலுக்குள் போகாதீர்கள். நெட்வொர்க், சவுண்ட், டிஸ்ப்ளே என்றால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். தராசு விநாடிக்குச் சில தடவை ஒரு எண்ணைச் சொல்கிற சாதனம். பைதான் மொழியும், அதிலிருந்து யுஎஸ்பி சாதனத்தோடு பேச உதவும் பையுஎஸ்பியும் போதும்.

முதலில் தராசைச் செருகி, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை முழு விவரத்தோடு ஓட்டுங்கள். தயாரிப்பாளர் எண், பொருள் எண், இன்டர்ஃபேஸ் கிளாஸ் (எந்த வகைச் சாதனம் என்ற எண்) ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் 3 என்றால் அது கீபோர்டு, மவுஸ் சேர்ந்த வகை, ஏற்கெனவே கெர்னலுக்கு அதைப் பேசத் தெரியும். 255 என்றால் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்திருக்கிறது. அப்போதும் பயப்பட வேண்டாம், பல சமயம் உள்ளே சாதாரண சீரியல் சிப் ஒன்றை வைத்து எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கொட்டையின் ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் ஒன்று லினக்ஸில் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தால் அது இதே கதைதான். கெர்னலில் ஏற்கெனவே இருக்கிற சீரியல் டிரைவரின் நியூ ஐடி ஃபைலில் தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டையும் எழுதியதும் மீட்டர் பேச ஆரம்பித்துவிட்டது. டிரைவர் எழுதப் போய் ஒரு வரியோடு காப்பி குடித்துவிட்டு மலை இறங்கினேன்.

அந்த அதிர்ஷ்டம் உங்களுக்கு இல்லை என்றால் ஒட்டுக்கேட்க வேண்டியதுதான். லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் பொய்க் கம்ப்யூட்டர்) எக்ஸ்பியையும் அந்த சிடி டிரைவரையும் போட்டு, தராசை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே லினக்ஸில் யுஎஸ்பியில் போவதைப் பிடிக்கும் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, பிடித்ததைக் காட்டும் வயர்ஷார்க்கில் பாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, காலித் தட்டோடு கொஞ்சம் பதிவு. அப்புறம் 50 கிராம் படிக்கல். தராசு 10 மில்லிகிராம் வரை காட்டுவது என்றால் 50 கிராம் அதற்கு 5000. வருகிற பைட்டுகளில் எங்கேயாவது 88, 13 என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள், பதினாறடிமானத்தில் 5000 என்பது 1388, அதன் கடைசி பைட் முன்னால் வருகிறது. 100 கிராம் வைத்தால் அதே இடத்தில் 10, 27 என்று மாற வேண்டும். மாறினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. (எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே அனுப்புகிற தராசுகளும் உண்டு, அப்படியானால் வயர்ஷார்க்கின் வலதுபக்கத்தில் எடை அப்படியே படிக்கிற மாதிரி தெரியும்.) பிறகு தட்டின் மேல் வாயால் ஊதிப் பாருங்கள். எடை ஆடும்போது மட்டும் ஒரு பைட்டில் ஒரு பிட் மாறிவிட்டு, நின்றதும் பழையபடி ஆகும். அந்த பிட்டை விட்டுவிடாதீர்கள். முள் நிற்பதற்குள் கணக்கில் ஏறிய எடைக்கு யாருடைய கூலியிலிருந்தோ சேதாரம் பிடிப்பீர்கள்.

ஒன்று முக்கியம். எக்ஸ்பி டிரைவர் அனுப்பியதைப் பார்த்த பைட்டுகளைத் தவிர வேறு எதையும் தராசுக்கு அனுப்பாதீர்கள். என்னதான் வருகிறது பார்ப்போமே என்று கண்டதையும் அனுப்பினால் அதில் ஒன்று எடை அளவீட்டையே மாற்றி அமைக்கிற காலிபரேஷன் கட்டளையாக இருந்து தொலைக்கலாம். மூடியையும் திறக்காதீர்கள். வியாபாரத் தராசு என்பதால் அதில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கும், அது போனால் டிரைவரைவிடப் பெரிய தலைவலி. கேபிளில் போவதைப் பார்ப்பதற்கு முத்திரையைத் தொடவே வேண்டியதில்லை. சட்டம் பற்றிக் கேட்டதற்கும் இதுதான் இடம்: நீங்கள் முறையாக வைத்திருக்கிற ஒரு மென்பொருளோடு, நீங்களே தனியாக எழுதும் இன்னொன்று சேர்ந்து இயங்குவதற்குத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைத் தேடி எடுப்பதை இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சிடியில் இருக்கிற டிரைவரின் கோடைக் காப்பி அடிப்பது வேறு விஷயம், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எழுதியதை வெளியிடும்போது சோதனை நிலை என்று தலைப்பிலேயே போடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கெர்னலிலேயே 2008இலிருந்து ஸ்டேஜிங் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது, கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மேன் ஆரம்பித்தது. அரைவேக்காட்டு டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும், ஒவ்வொன்றின் கூடவும் என்னென்ன பாக்கி என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒன்றை ஏற்றினால், இதன் தரம் தெரியாது, எச்சரித்துவிட்டோம் என்று கெர்னலே வாய்விட்டுச் சொல்லும். 2009இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த, அதன் வர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-விக்கான டிரைவர்களும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. நூவோவும் 2010இல் அங்கே நுழைந்து 2012இல்தான் வெளியே வந்தது. உங்களுடையதிலும் அந்தப் பட்டியல் நேர்மையாக இருக்கட்டும். எந்த மாடலில் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவே இல்லை என்பதைக் கோடுக்கு முன்னால் எழுதுங்கள். பள்ளப்பட்டியிலோ சிவதாபுரத்திலோ அதே தராசை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கெர்னல் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைப் பட்டறைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். கியூஇஎம்யூ என்ற வர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் எஜு என்று ஒரு பொய்ச் சாதனம் இருக்கிறது, டிரைவர் எழுதப் பழகுவதற்கென்றே செய்தது. அதன் 4ஆம் முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அதன் ஒவ்வொரு பிட்டிலும் 0வை 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றித் திருப்பித் தரும், 8இல் எழுதினால் ஃபேக்டோரியல் போட்டுத் தரும். சாதனம் கெர்னலைக் கூப்பிடும் இன்டரப்ட், சாதனமே நினைவகத்தோடு நேராகப் பேசும் டிஎம்ஏ எல்லாம் உண்டு. கெர்னல் கவிழ்ந்தால் ஒரு ஜன்னலை மூடித் திறந்தால் போதும், அப்பாவிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை. ரஸ்ட் 2022 கடைசியில் வந்த 6.1இலிருந்து கெர்னலில் இருக்கிறது, நல்ல மொழிதான், ஆனால் படிக்கக் கிடைக்கிற டிரைவர்களில் முக்கால்வாசிக்கு மேல் சியில் இருப்பதால் சியிலேயே ஆரம்பியுங்கள்.

எல்எஸ்யுஎஸ்பி விவரமும் 50, 100 கிராம் பதிவுகளும் எடுத்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அனுப்பும் முன் வயர்ஷார்க்கில் தராசின் சாதன எண்ணை மட்டும் வடிகட்டிச் சேமியுங்கள். யுஎஸ்பிமான் அந்த பஸ்ஸில் (சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் யுஎஸ்பி பாதை) போகிற எல்லாவற்றையும் பிடிக்கும், கீபோர்டும் அதே பஸ்ஸில் இருந்தால் நடுவில் நீங்கள் தட்டிய பாஸ்வேர்டும் சேர்ந்து என்னிடம் வந்துவிடும்.