குலச் சங்கத்தின் மண்டலப் பிரதிநிதிக்கு எழுதப் போகிறீர்களா?

கேள்வி: வட கரோலைனாவின் சார்லட்டில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பப் பெயர் மெக்டொனால்ட். மாமனாரின் தாத்தா 1890-இல் இதே மாநிலத்தின் லாரின்பர்க்கில் பிறந்து, பிறகு டென்னசிக்குக் குடிபெயர்ந்தவர். ஒரே குலப் பெயர் கொண்ட ஸ்காட்லாந்து வம்சாவளியினர் கூடும் ஸ்காட்டிஷ் குலச் சங்கத்தில் எங்கள் பகுதிக்கு ஓர் அம்மையார் பிரதிநிதி. சில மாநிலங்கள் அவர் பொறுப்பு, டென்னசி அதில் இல்லை. யாருக்கு எழுதுவது? தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை அவர் எடுத்துத் தருவாரா? நான் தமிழ்ப் பெண், சங்கத்தில் சேரலாமா?

பதில்: நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தைக் கவனிப்பவருக்கே எழுதுங்கள். தாத்தா எங்கே வாழ்ந்தார் என்பது இங்கே கணக்கில் வராது. உறுப்பினர்கள் எங்கே இருக்கிறார்கள், விழாக்கள் எங்கே நடக்கின்றன என்று பார்த்துத்தான் சங்கங்கள் மாநிலங்களைப் பங்கிடுகின்றன. பழைய ஆவணம் எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் அந்தப் பங்கீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பதவிப் பெயர் சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஓரிடத்தில் கமிஷனர், இன்னோரிடத்தில் கன்வீனர். கமிஷனர் என்றதும் மிரள வேண்டாம். சம்பளம் இல்லாத தொண்டுதான். ஸ்காட்லாந்து மரபில் நடக்கும் ஹைலேண்ட் விளையாட்டு விழாக்களில் சங்கத்தின் கூடாரத்தைப் போட்டு, வருபவர்களிடம் பேசி, புது உறுப்பினர்களைச் சேர்ப்பதில்தான் அவர் நேரம் போகும். உங்கள் மாநிலத்தின் கிராண்ட்ஃபாதர் மலையில் 1956 முதல் நடக்கும் விழா ஜூலையில் வரும். ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் விழா அக்டோபரில். அந்த மாதங்களில் பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் கூடாரத்துக்கே நேரில் போய்விடுங்கள். நாலு மின்னஞ்சலில் முடியாதது பத்து நிமிடப் பேச்சில் முடியும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். அதைப் பிரதிநிதியால் எடுத்துத் தர முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பே குறைவு. வட கரோலைனாவில் மாநிலம் முழுவதற்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1913-இல்தான். 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம் என்றால், 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அதன் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. ஆகவே 1900 கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் ஒவ்வொருவரும் பிறந்த மாதமும் ஆண்டும் கேட்டு எழுதியிருப்பார்கள். பத்து வயதுப் பையனாக, பெற்றோர் பெயரோடு தாத்தா அங்கே அகப்படக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், வயதை நிரூபிக்க வேண்டிய பலர் நடுவயதில் போய்ப் பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்துகொண்டார்கள். கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பத்திரப் பதிவு அலுவலகத்தில் ‘தாமதப் பிறப்புப் பதிவு’ இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தக் கவுண்டி என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இன்று லாரின்பர்க் இருப்பது ஸ்காட்லாந்து கவுண்டியில். அந்தக் கவுண்டியே 1899-இல்தான் ரிச்மண்ட் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதாவது தாத்தா பிறந்தது அன்றைய ரிச்மண்ட் கவுண்டியில். அவர் அப்பாவின் நிலப் பத்திரம், உயில் எல்லாம் ராக்கிங்ஹாம் ஊரிலுள்ள அந்தப் பழைய கவுண்டியின் நீதிமன்றத்திலும் பதிவு அலுவலகத்திலும் இருக்கலாம். லாரின்பர்க்கில் மட்டும் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். இன்னும் பின்னே போனால் டென்னசி தனி மாநிலமானதே 1796-இல்; 1790 வரை அந்த நிலம் வட கரோலைனாவைச் சேர்ந்தது.

பிரதிநிதிக்கு எழுதும்போது குடும்ப வரலாறு முழுவதையும் கொட்ட வேண்டாம். இவ்வளவு போதும்: “என் கணவரின் கொள்ளுத்தாத்தா மெக்டொனால்ட், 1890-இல் லாரின்பர்க்கில், அன்றைய ரிச்மண்ட் கவுண்டியில் பிறந்தவர். பின்னர் டென்னசிக்குச் சென்றார். அவருடைய பெற்றோரைத் தேடுகிறோம். சங்கத்தின் வம்சாவளி ஆய்வாளரிடம் எங்களைச் சேர்த்துவிட முடியுமா?” கடைசி வரிதான் முக்கியம். வம்ச மரம் வரைபவர் வேறு ஆள். பிரதிநிதி அவரிடம் கைகாட்டி விடுவார். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் எழுதாதீர்கள். எழுதுமுன் சங்கத்தின் சமீபத்திய செய்திமடலில் பொறுப்பாளர் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், ஆட்களும் மாறுவார்கள், மாநிலங்களும் கைமாறும்.

டிஎன்ஏ சோதனை பற்றிப் பேச்சு வந்தால், குடும்பப் பெயரைத் தொடர உதவுவது தந்தையிலிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் சோதனை. தாத்தாவிலிருந்து மாமனார் வரை ஆண் வழிதான் என்றால் மாமனாரே சோதனைக்கான மாதிரியைக் கொடுக்கட்டும். நாத்தனார் கொடுத்துப் பயனில்லை. முடிவு குலத் தலைவர்களின் வழியோடு பொருந்தாவிட்டாலும் யாரும் மனம் தளர வேண்டாம். மெக்டொனால்ட் தலைவர்களின் மூதாதையான சோமர்லெட் 1164-இல் இறந்தவர். அவர் வழி வராமலே அந்தப் பெயரை ஏற்ற குடும்பங்கள் ஏராளம். தலைவனின் நிலத்தில் உழுதவர்களும் அவன் காவலில் வாழ்ந்தவர்களும் அவன் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். பொதுவாகச் சங்கங்கள் அவர்களை ஒதுக்குவதில்லை.

நீங்கள் சேர்வதற்கும் பெரும்பாலான சங்கங்களில் தடையில்லை. உறுப்பினரின் வாழ்க்கைத்துணைக்கும் இடமுண்டு. சந்தா குடும்பத்துக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விழாவுக்குப் புடவையில் போகலாமா என்ற தயக்கம் இருந்தால், தாராளமாகப் போங்கள். குலத்துக்குரிய கட்டம் போட்ட டார்ட்டன் துணியில் ஒரு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டால் இன்னும் எடுப்பாக இருக்கும்.